லேசரும் லென்ஸும்: வெள்ளகவி வேட்டியில் கண்ட கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உன் நேரம், யாரையும் தூங்க வச்சிராதே" என்றார். என் தொழில் ஒளிக்கருவிகள். லேசர் கதிரை ஒரு லென்ஸால் குவித்தால் எவ்வளவு சின்னப் புள்ளி கிடைக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் ஒரு நல்ல மனிதருக்குச் செய்த தவறு ஒன்று உண்டு. அதையும் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளகவியில் ஓர் இரவு

நம் சங்கத்திலிருந்து ஒரு குழுவாகப் பழனி மலைக்கு நடைப்பயணம் போனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பழைய மாணவர்கள் ஏழு பேர், இன்றைய மாணவர்கள் பன்னிரண்டு பேர். கொடைக்கானலில் வட்டக்கானல் வரை வண்டி. அங்கிருந்து டால்ஃபின் நோஸ் பாறை வழியாக ஒற்றையடிப் பாதையில் இறங்கி வெள்ளகவி. மறுநாள் கும்பக்கரைக்கு இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் வாங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

வெள்ளகவி தலைமுறை தலைமுறையாக வண்டிச்சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. கோயில்களுக்கு நடுவே வீடுகள் இருப்பது போலத்தான் ஊர் அமைப்பு.

இந்த ஊருக்கும் அளவை வேலைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டுவதற்கு முன்னமே, 1821-இல், லெஃப்டினன்ட் பி. எஸ். வார்டு என்ற நில அளவை அதிகாரி வெள்ளகவியில்தான் முகாமிட்டிருந்தார். அங்கிருந்துதான் மேலே ஏறிப்போய் இன்றைய கொடைக்கானல் பகுதியைப் பார்த்தார். அதாவது, கொடைக்கானல் என்ற மலைவாசஸ்தலம் உருவாவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. பெயர் கொடைக்கானலுக்குப் போனது, வெள்ளகவிக்கு நெடுங்காலம் வாய்த்தது வெறும் பாதை. அது வேறு கதை.

இரவு சாப்பாடு முடிந்தது. நிலா இல்லை. ஒரு தம்பி சட்டைப் பையிலிருந்து சிவப்பு லேசர் சுட்டி ஒன்றை எடுத்தான். வகுப்பில் படம் காட்டும்போது வாத்தியார் பிடிப்பாரே, அதுதான். "அண்ணே, இது எம்புட்டு தூரம் போகும்?" என்றான்.

சரி, பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. நாங்கள் இறங்கிவந்த பாதையில் ஒரு திருப்பம் ஊரிலிருந்து நேராகத் தெரியும். போனில் வரைபடம் வைத்துப் பார்த்ததில் நேர்கோட்டில் சுமார் 500 மீட்டர். நாலு பேர் டார்ச்சோடு அங்கே ஏறிப்போய் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனார். வேட்டி அவருடையதுதான். கதிர் வரும் பக்கம் யாரும் முகம் திருப்பக் கூடாது, முதுகைக் காட்டி நின்று வேட்டியை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சுட்டியை ஒரு கல்லின் மேல் மண்மூட்டை வைத்து அசையாமல் பொருத்தினோம்.

இங்கே சுவரில் அடித்தால் கடுகு அளவுப் புள்ளி. அங்கே வேட்டியில் விழுந்தது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மங்கலான திட்டு. அதுவும் வட்டமாக இல்லை, கொஞ்சம் நீள்வட்டம்.

இறங்கிவந்த பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, லேசருன்னா கயிறு கணக்கா ஒரே கனமாத்தானே போகும்னு சொல்வாக? இது பொகை மாதிரியில்ல விரிஞ்சு கெடக்கு. வெளக்கு மட்டமானதோ?"

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால், பத்து வருடத்துக்கு முன்னால், பொறியாளர் பட்டம் வாங்கிய நானே அதே கேள்வியைத்தான் கேட்டேன். அவர் கேள்வியாகக் கேட்டார். நான் குற்றச்சாட்டாகவே சொல்லிவிட்டேன்.

நான் செய்த தவறு

அப்போது நான் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம். ஒரு மலைச்சரிவு நகர்கிறதா என்று கவனிக்கும் வேலை வந்தது. எதிரே உறுதியான பாறையில் லேசரைப் பொருத்த வேண்டும். 500 மீட்டர் தள்ளி, சந்தேகத்துக்குரிய சரிவில் ஒரு பலகை, அதைப் பார்க்க ஒரு கேமரா. சரிவு நகர்ந்தால் பலகையும் நகரும், அதன் மேல் விழும் புள்ளி இடம் மாறும். எளிய ஏற்பாடு. சரிவுக்குக் கீழே குடியிருப்புகள் இருந்தன. மழைக்காலத்துக்கு முன்னால் வேலை முடிய வேண்டும்.

பலகையில் 1 மி.மீ. புள்ளி விழ வேண்டும் என்று நான் வரைபடத்தில் எழுதினேன். எந்தக் கணக்கும் போடவில்லை. லேசர்தானே, நல்ல லென்ஸ் வைத்தால் குவியாதா என்ற எண்ணம். லேசரிலிருந்து வரும் கதிர் 4 மி.மீ. விட்டம். அதன் முன்னால் வைக்க ஒரு குவிலென்ஸும் ஒரு குழிலென்ஸும் கொண்ட ஜோடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். நடுவிலுள்ள இடைவெளியைத் திருகினால் குவியம் தூரத்துக்குப் போகும். லென்ஸின் விட்டம் 50 மி.மீ. ஒரு சிறிய பட்டறையில் வயதான ஒருவர் அவற்றைத் தன் கையால் தேய்த்துக் கொடுத்தார்.

பொருத்திப் பார்த்தேன். பலகையில் விழுந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. எவ்வளவு திருகினாலும் 10 செ.மீ.க்குக் கீழே இறங்கவில்லை. லென்ஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். அவர் மறுபடி தேய்த்து அனுப்பினார். அதே 10 செ.மீ. மறுபடி திருப்பினேன். மூன்றாவது முறை அவர் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், லென்ஸ் முழுக்க வெளிச்சம் விழுதா?"

எனக்கு அது சப்பைக்கட்டாகப் பட்டது. "உங்க லென்ஸைப் பத்திப் பேசுங்க, என் வெளிச்சத்தைப் பத்தி ஏன் பேசுறீங்க?" என்று வெடுக்கென்று சொல்லி போனை வைத்தேன். அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்கச் சொல்லி நானே குறிப்பு எழுதினேன். நாலு மாதம் ஓடிவிட்டது. மழைக்காலம் வந்தது. அந்தச் சரிவு ஒரு மழைக்காலம் முழுவதும் கண்காணிப்பு இல்லாமல் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அது அந்த மக்களின் அதிர்ஷ்டம், என் திறமை அல்ல.

ஒளி ஏன் ஒரு முனையில் சேர மறுக்கிறது?

பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இணையாக வரும் கோடுகள், நடுவில் ஒரு குவிலென்ஸ், அந்தப் பக்கம் எல்லாக் கோடும் ஒரு புள்ளியில் சேரும். பென்சில் முனையில் எத்தனை கோடு வேண்டுமானாலும் சேரும். ஆனால் ஒளி கோடு அல்ல, அலை.

குவியத்தில் நடப்பது என்ன? லென்ஸின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் புறப்பட்ட அலைகள் அங்கே ஒரே தாளத்தில் வந்து சேர்கின்றன. தேர் இழுக்கும்போது எல்லோரும் ஒரே குரலில் கத்தி ஒரே நேரத்தில் இழுப்பது போல. அதனால் அங்கே வெளிச்சம் அதிகம். இப்போது குவியத்திலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள். லென்ஸின் இடது ஓரம் ஒரு துளி கிட்டே வரும், வலது ஓரம் ஒரு துளி எட்டப் போகும். தாளம் பிசகும். இரண்டு ஓரங்களுக்கும் உள்ள தூர வித்தியாசம் ஒரு அலைநீளம் ஆகும்போது, இடப்பாதியின் ஒவ்வொரு அலைக்கும் வலப்பாதியில் ஒரு எதிர்த்தாள ஜோடி கிடைத்துவிடும். ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள, தேர் நகராது. அங்கே இருட்டு. அந்த இருட்டு வரைக்கும் உள்ளதுதான் புள்ளியின் அளவு.

அந்த இருட்டைத் தொட எவ்வளவு நகர வேண்டும்? அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, கதிரின் விட்டத்தால் வகுத்தால் வரும். கதிர் அகலமாக இருந்தால் இரண்டு ஓரங்களும் தள்ளித்தள்ளி இருக்கும், கொஞ்சம் நகர்ந்தாலே தாளம் கெடும், ஆகவே புள்ளி சின்னது. கதிர் ஒல்லியாக இருந்தால் ஓரங்கள் கிட்டக்கிட்ட இருக்கும், ரொம்ப தூரம் நகர்ந்தால்தான் தாளம் கெடும், ஆகவே புள்ளி பெரிது. இதில் லென்ஸின் மெருகு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றமே இல்லாத லென்ஸுக்கும் இதே எல்லைதான். இதைத்தான் நம் பாடப்புத்தகம் விளிம்பு விளைவு என்கிறது.

வட்டமான லென்ஸுக்கு இந்தக் கணக்கை 1835-இல் முறையாகப் போட்டவர் ஜார்ஜ் ஏரி. கொடைக்கானல் ஏரி அல்ல, இங்கிலாந்துக்காரர். வார்டு வெள்ளகவியிலிருந்து மலையேறிப் பதினாலு வருடம் கழித்து. வட்டத் துளைக்கு 1.22 என்ற எண் முன்னால் சேரும். லேசர் கதிர் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மெல்ல மங்கியும் இருப்பதால் அதற்குச் சற்று வேறு வாய்பாடு:

புள்ளியின் விட்டம் = 4 × அலைநீளம் × தூரம் ÷ (3.14 × கதிரின் விட்டம்)

ஒளியில் சுமார் 86 சதவீதம் அடங்கும் வட்டத்தை இங்கே விட்டம் என்கிறோம். தம்பி தங்கைகளே, இந்த ஒரு வரியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது வெள்ளகவிக் கணக்கு. சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், அதாவது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கதிர் 2 மி.மீ., தூரம் 500 மீட்டர். போட்டுப் பார்த்தால் சுமார் 20 செ.மீ. வருகிறது. மலிவுச் சுட்டியின் கதிர் அவ்வளவு சுத்தமாக இருக்காது, அதனால் வேட்டியில் அது தட்டு அளவாகத் தெரிந்தது. என் பழைய கருவியில் கதிர் 4 மி.மீ., ஆகவே 10 செ.மீ. ஒரு மி.மீ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பெரியவர் தேய்த்த லென்ஸ் கடவுள் வந்து தேய்த்தாலும் இவ்வளவுதான் தரமுடியும் என்ற அளவுக்கு வேலை செய்திருந்தது. அதைத்தான் நான் மட்டம் என்று திருப்பியனுப்பிக்கொண்டிருந்தேன்.

50 மி.மீ. லென்ஸ் வாங்கினேனே, அதற்கு என்ன பலன்? பலனே இல்லை. கதிர் நடுவில் 4 மி.மீ.யைத்தான் தொட்டது. மீதி கண்ணாடி சும்மா இருந்தது. "லென்ஸ் முழுக்க வெளிச்சம் விழுதா?" அந்தக் கேள்வியின் அர்த்தம் அதுதான்.

சிவப்பு மையில் ஒரு "ஏன்?"

இதில் எனக்கு இன்னும் வெட்கமான பகுதி ஒன்று இருக்கிறது. இந்தப் பாடத்தை நான் படிக்காமல் இல்லை. இதே கல்லூரியில், இரண்டாம் வருட இயற்பியல் ஆய்வகத்தில், ஹீலியம்-நியான் லேசர் பரிசோதனை செய்திருக்கிறேன். விரித்த கதிர், நடுவில் சுருங்கி விரியும் ஐரிஸ் துளை, பிறகு ஒரு மீட்டர் குவியத்தூரமுள்ள லென்ஸ். புள்ளியை டிராவலிங் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அளக்க வேண்டும். துளையைச் சுருக்கச் சுருக்கப் புள்ளியும் சுருங்கும் என்று நானும் என் ஜோடியும் எதிர்பார்த்தோம். அது பெரிசாகிக்கொண்டே போனது. துளை 20 மி.மீ.யாக இருந்தபோது புள்ளி மயிரிழையை விட மெல்லியது. 2 மி.மீ. ஆனபோது கிட்டத்தட்ட அரை மி.மீ. எங்களுக்குச் சிரிப்பு. ரெக்கார்டு நோட்டில் "பரிசோதனைப் பிழை" என்று எழுதிவிட்டு கேன்டீனுக்கு ஓடினோம்.

பல வருடம் கழித்து, அந்த மழைக்காலத்தில் வீட்டுப் பரணில் எதையோ தேடியபோது அந்த நோட்டு கிடைத்தது. "பரிசோதனைப் பிழை" என்ற வார்த்தையை எங்கள் பேராசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் "ஏன்?" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்தைப் பார்த்தோம், மார்க்கைப் பார்த்தோம், அந்த "ஏன்?" என்பதை மட்டும் பார்க்கவே இல்லை.

அன்றிரவே கணக்குப் போட்டேன். மறுவாரம் லேசருக்கு முன்னால் ஒரு கதிர் விரிப்பியை வைத்து, 4 மி.மீ. கதிரை 40 மி.மீ. ஆக்கி, அதே பெரியவரின் அதே லென்ஸில் விட்டேன். புள்ளி 1 செ.மீ.க்கு வந்தது. நான் ஆசைப்பட்ட 1 மி.மீ. இல்லைதான். ஆனால் நகர்வை அளக்க 1 மி.மீ. புள்ளி தேவையே இல்லை. வட்டத்தின் மையம் எங்கே என்று கேமராப் படத்தில் கணக்கிட்டால், 1 செ.மீ. வட்டத்தின் மையத்தை மில்லிமீட்டர் அளவில் சொல்லலாம். மிச்சமிருந்த எதிரி காற்று. வெயிலில் தரை சூடானால் காற்று நெளியும், புள்ளி கூத்தாடும். விடியற்காலையில் பல படம் எடுத்துச் சராசரி பார்த்தோம். கருவி வேலை செய்தது.

மலை உச்சியிலிருந்து நிலா வரை

இதே எல்லை எங்கெங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளகவிக்கு மேலே, கொடைக்கானலில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். இன்றும் உலகப் புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு. அங்கே ஒரு கோபுரத் தொலைநோக்கி உண்டு. கோபுரத்து மேல் உள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்து, நிலத்தடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்பும். 38 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் அங்கே சுமார் 34 செ.மீ. அகலத்துக்குச் சூரியனின் பிம்பத்தை விழச்செய்யும். நம் வாய்பாட்டை அந்த லென்ஸுக்குப் போட்டால், சூரியனில் சுமார் 260 கி.மீ.க்குக் குறைந்த எதையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. பிம்பத்தை இன்னும் பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். நுணுக்கம் வேண்டுமென்றால் விட்டம் வேண்டும்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் பொசுக்கியிருப்பீர்கள். 10 செ.மீ. குவியத்தூரம் என்றால் அங்கே விழுவது சூரியனின் பிம்பம், சுமார் 1 மி.மீ. லென்ஸைப் பெரிதாக்கினால் சூடு கூடும், அளவு குறையாது. ஏனென்றால் சூரியன் நமக்கு ஒரு தட்டாகத் தெரிகிறது. லேசருக்கு அந்தத் தட்டு கிடையாது. அதே லென்ஸில் 20 மி.மீ. லேசர் கதிரை விட்டால் புள்ளி ஒரு மி.மீ.யில் 250-இல் ஒரு பங்கு. லேசரின் பெருமை அது ஒல்லியாகப் போவதில் இல்லை, எல்லைவரைக்கும் குவிய முடிவதில் இருக்கிறது.

அதனால்தான் ஒரு எச்சரிக்கை. நம் கண்ணும் ஒரு லென்ஸ்தான். சுட்டியின் கதிர் நேராகக் கண்ணில் விழுந்தால், விழித்திரையில் சூரிய பிம்பத்தைவிடப் பல மடங்கு சின்னப் புள்ளியாகக் குவியும். பஜாரில் விற்கும் சுட்டியில் ஒட்டியிருக்கும் அளவை நம்பாதீர்கள். யார் கண்ணுக்கும், எந்த வாகனத்துக்கும், விமானத்துக்கும் காட்டாதீர்கள். சர்க்கரை நோயால் பாதித்த விழித்திரைக்கு டாக்டர்கள் லேசர் வைப்பதும் இதே குவியலால்தான். டாக்டர் கையில் மருந்து, விளையாட்டில் விஷம்.

குறுந்தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.க்கு 780 நானோமீட்டர் லேசர், டி.வி.டி.க்கு 650, புளூ-ரேக்கு 405. அலைநீளம் குறையக் குறைய, கிட்டே வைத்த லென்ஸ் அகலக் கோணத்தில் பிடிக்கப் பிடிக்க, புள்ளி சிறிதானது. தகட்டின் சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளி 1.6 மைக்ரானிலிருந்து 0.74, பிறகு 0.32 மைக்ரான் ஆயிற்று. அதே அகலத் தகட்டில் பாட்டு போய்ப் படம் வந்தது, பிறகு இன்னும் தெளிவான படம் வந்தது. கம்ப்யூட்டர் சில்லு அச்சிடும் தொழிலும் அலைநீளத்தைக் குறைத்துக் குறைத்து, 193 நானோமீட்டரிலிருந்து 13.5 நானோமீட்டர் வரை வந்துவிட்டது.

ஆனால் சின்னப் புள்ளிக்கு ஒரு விலை உண்டு. புள்ளி பத்தில் ஒரு பங்கானால், அது கூர்மையாக இருக்கும் ஆழம் நூறில் ஒரு பங்காகிவிடும். 40 மைக்ரான் புள்ளி ஓரிரு மி.மீ. ஆழத்துக்குத் தாங்கும். 4 மைக்ரான் புள்ளிக்கு ஒரு காகிதத்தின் கனம்கூட மிஞ்சாது. தகடு வெட்டும் மெஷினில் வேலை செய்கிற நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கனத்த தகட்டுக்கு மிகச் சின்னப் புள்ளி உதவாது.

தூரத்துக்கு நிலாவையே பாருங்கள். 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து பெரிய தொலைநோக்கி வழியாகக் கதிரை மூன்றரை மீட்டர் அகலத்துக்கு விரித்து அனுப்பினாலும், காற்றின் நெளிவால் நிலவில் அது சுமார் 2 கி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். நம் சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டரிலும் அப்படி ஒரு சின்னக் கண்ணாடித் தொகுதி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23-இல் தரையிறங்கிய விக்ரமை நோக்கி, அதே வருடம் டிசம்பர் 12-இல், நிலவைச் சுற்றும் நாசாவின் கலம் 100 கி.மீ. தூரத்திலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வந்த ஒளியைப் பிடித்தது. காற்றில்லாத இடம், கிட்டத்துத் தூரம். ஆனாலும் கணக்கு நம் வெள்ளகவிக் கணக்கேதான்.

மறுபடியும் வேட்டி

அந்த இரவுக்கு வருகிறேன். பெரியவரின் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதை விடக் கையால் சொல்வது நல்லது என்று தோன்றியது. பறவை பார்க்க ஒரு தங்கை 10×50 பைனாகுலர் கொண்டுவந்திருந்தாள். அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினோம். நாம் கண் வைக்கும் பக்கத்தில் லேசரை விட்டோம். 2 மி.மீ. கதிர் பத்து மடங்கு விரிந்து, பெரிய கண்ணாடி வழியாக 20 மி.மீ. கதிராக வெளியே வந்தது. மறுபடி நாலு பேர் மேலே ஏறி வேட்டியைப் பிடித்தார்கள். பெரியவரும் ஏறினார். குவியத்தைத் திருகிக்கொண்டே வந்தோம். மேலேயிருந்து போனில் குரல்: "அண்ணே, சின்னதாகுது... இன்னும்... நிறுத்துங்க, நிறுத்துங்க!" தட்டு அளவில் இருந்தது எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, பளிச்சென்று வந்து நின்றது.

கீழே வந்த பெரியவர் சொன்னார்: "அப்ப, எட்டத்துல ஒடுக்கமா வேணும்னா, இங்கன அகலமா ஆரம்பிக்கணும்ங்கிறீக."

நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அகல உழுவதை விட ஆழ உழு என்பது நம் பழமொழி. ஒளியைப் பொறுத்தவரை அகலமாக உழுதால்தான் ஆழமாகப் போகும்.

கடைசியாக

அந்த லென்ஸ் பட்டறைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கருவி வேலை செய்த மறுவாரமே நிறுத்திய பணத்தை விடுவிக்கச் சொல்லி, காசோலையை நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் டீ வாங்கிவரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதது போல, "எத்தனை மி.மீ. கதிர் விட்டீங்க?" என்றார். "நாலு" என்றேன். "அப்ப என் லென்ஸ்ல நாப்பத்தாறு மில்லிமீட்டரைச் சும்மா வச்சிருந்தீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்க முடியவில்லை. பட்டறையில் முன்பு இருவர் வேலை செய்தார்கள். அன்று ஒருவர்தான் இருந்தார். பணம் வராத அந்த நாலு மாதத்தில் மற்றவரை நிறுத்த வேண்டியதாகிவிட்டது என்று டீ கொண்டுவந்த பையன் சொன்னான், அவர் சொல்லவில்லை. அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நான் கொடுத்துவிட்டேன். வேலையிழந்த அந்த மனிதரின் நாலு மாதத்தை எப்படிக் கொடுப்பது?

தம்பி தங்கைகளே, இயற்கை போட்ட எல்லை எது, மனிதன் செய்த குறை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் பொறியாளரின் முதல் வேலை. அது தெரியாவிட்டால், மாற்ற முடியாததற்காக யாரோ ஒருவரைத் திட்டிக்கொண்டிருப்போம், மாற்ற முடிந்ததை மாற்றாமல் விட்டுவிடுவோம். அந்த 10 செ.மீ. இயற்கையின் எல்லை. அந்த 4 மி.மீ. என் குறை. நான் இரண்டையும் சேர்த்து லென்ஸ்காரர் தலையில் கட்டினேன்.

ஆய்வகத்தில் எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று வந்தால், "பரிசோதனைப் பிழை" என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாத்தியார் சிவப்பு மையில் "ஏன்?" என்று எழுதினால் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். அந்தப் பேராசிரியர் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, பதினைந்து வருடம் தாமதமாகிவிட்டது. விடை: கதிர் ஒடுங்கினால் புள்ளி விரியும். ரெக்கார்டு நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.